மெதடிஸ்த சபையில் பொதுநிலைப் பிரசங்கியாராக விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் உள்ள ஒரு மெதடிஸ்த ஆலயத்திற்குச் சில மாதங்கள் தொடர்ந்து போய்வந்தவர்கள், ஞாயிறு ஆராதனையை நடத்துபவர் வாரத்துக்கு வாரம் மாறுவதையும், அவர்களில் பலர் குருப்பட்டம் பெறாதவர்கள் என்பதையும் கவனித்திருப்பார்கள். ஒரு வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிரசங்கிப்பார், அடுத்த வாரம் மருத்துவமனைத் தாதி ஒருவர் வருவார், அதற்கும் அடுத்த வாரம் கணக்காளர் ஒருவர் வருவார். இவர்களை அங்கே 'லோக்கல் பிரீச்சர்' என்கிறார்கள். நாம் பொதுநிலைப் பிரசங்கியார் என்று சொல்லலாம். இவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. ஆனால் முறையான பயிற்சியும் திருச்சபையின் அங்கீகாரமும் பெற்றவர்கள். ஒரே குருவானவரின் பொறுப்பில் பல ஆலயங்கள் இருப்பது அங்கே வழக்கமான நிலை என்பதால், இவர்கள் இல்லாமல் பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபையில் ஞாயிறு ஆராதனைகள் நடக்க வழியில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து பிரித்தானியாவில் குடியமர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலரிடம் சபையார் யாராவது ஒருவர், "நீங்களும் பிரசங்கிக்கலாமே" என்று சொல்லியிருக்கக்கூடும். சிலருக்கு உள்ளத்திலேயே அந்த உந்துதல் நெடுநாளாக இருந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் எங்கே தொடங்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும், என்னென்ன கட்டங்களைக் கடக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. அதற்கு முன், இந்தப் பணி எப்படித் தோன்றியது என்பதைச் சற்று அறிந்துகொள்வது பயனுள்ளது. பின்னால் வரும் விதிகளில் பலவற்றின் காரணம் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

பணியின் தோற்றம்

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆங்கிலிக்கன் குருவானவர். குருப்பட்டம் பெறாத ஒருவர் பிரசங்கிப்பதை அவர் முதலில் விரும்பவில்லை. 1740-களின் தொடக்கத்தில், லண்டனில் பழைய பீரங்கி வார்ப்படச்சாலை ஒன்றில் கூடிய அவருடைய சபையில், அவர் ஊரில் இல்லாத வேளையில் தாமஸ் மாக்ஸ்ஃபீல்ட் என்ற இளைஞர் பிரசங்கிக்கத் தொடங்கினார். செய்தி கேட்டு, அதைத் தடுத்து நிறுத்தும் எண்ணத்தோடு வெஸ்லி விரைந்து வந்தார். அவருடைய தாய் சுசன்னா மகனை எச்சரித்தார். உன்னைப் போலவே இவனும் கடவுளால் அழைக்கப்பட்டவன், இவனுடைய பிரசங்கத்தின் பலனை விசாரித்துப் பார், நீயே ஒருமுறை கேட்டும் பார் என்று அவர் கூறினார். வெஸ்லி கேட்டார், தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1744-இல் லண்டனில் கூடிய முதல் மெதடிஸ்த பேரவையில் குருமார் அறுவரோடு பொதுநிலைப் பிரசங்கிமார் நால்வரும் அமர்ந்திருந்தனர்.

சுசன்னா மகனிடம் கேட்டுக்கொண்டது கண்மூடித்தனமான அனுமதி அன்று. பலனை விசாரி, நேரில் கேள் என்றே அவர் சொன்னார். இன்றுவரை மெதடிஸ்தர் பொதுநிலைப் பிரசங்கியாரைத் தெரிவுசெய்யும் முறை இதுதான். அழைப்பை நீங்கள் உணர்வது ஒரு பாதி. அதை மற்றவர்கள் கேட்டு, விசாரித்து, உறுதிசெய்வது மறுபாதி. பின்வரும் கட்டங்களில் நடைபெறும் ஒவ்வொரு கூட்டமும் அறிக்கையும் அந்த மறுபாதியைச் சேர்ந்தவை. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு அவை தடைகளாகத் தோன்றா.

பெண்களின் வரலாறு இன்னும் நீண்ட போராட்டம். 1761-இல் டார்பி நகரில் சாரா கிராஸ்பி முப்பது பேரை எதிர்பார்த்துச் சென்ற கூட்டத்திற்கு ஏறத்தாழ இருநூறு பேர் வந்துவிட்டனர். தனித்தனியே பேச இயலாத நிலையில் அவர் எல்லோரையும் நோக்கிப் பேசினார், வெஸ்லியும் அதைத் தடுக்கவில்லை. வெஸ்லி மறைந்த பின் 1803-இல், மெதடிஸ்தரின் மூலப் பிரிவான வெஸ்லியன் பிரிவின் பேரவை பெண்களின் பிரசங்கத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அந்தப் பிரிவில் பெண்கள் ஆண்களுக்குச் சமமான பொதுநிலைப் பிரசங்கிமாராக ஏற்கப்பட்டது 1918-இல்தான். இன்று ஆண், பெண் என்ற வேறுபாடு எந்தக் கட்டத்திலும் இல்லை என்பதால், தயங்கி நிற்கும் நம் சகோதரிகள் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

என்ன செய்யலாம், என்ன செய்ய இயலாது

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து வருபவர்களுக்குச் சேகரம் என்றால் ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள் என்ற எண்ணமும், அதற்கு மேலே பேராயர் இருக்கிறார் என்ற எண்ணமும் இயல்பாக எழும். பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபையில் பேராயர் கிடையாது. அடுத்தடுத்த ஊர்களில் உள்ள பல ஆலயங்கள் சேர்ந்தது ஒரு சேகரம். அதில் குருமார் ஒருவரோ பலரோ இருப்பர், அவர்களுள் தலைமைப் பொறுப்பு வகிப்பவர் முகாமைக்குரு. இலங்கை மெதடிஸ்தருக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். 1814 ஜூன் மாதத்தில் காலியில் வந்திறங்கிய வெஸ்லியன் மிஷனரிமார் யாழ்ப்பாணத்திற்கும் மட்டக்களப்பிற்கும் கொண்டுவந்தது இதே ஒழுங்கு. 1964-இல் இலங்கைத் திருச்சபை தனிப் பேரவையான பின்னும் அது தொடர்கிறது.

பொதுநிலைப் பிரசங்கியார் தம் சேகரத்தில் உள்ள எந்த ஆலயத்திலும் முழு ஆராதனையையும் நடத்தலாம். பிரசங்கம் அதில் ஒரு பகுதியே. பாடல்களைத் தெரிவது, ஜெபங்களை ஏறெடுப்பது, வேதபகுதிகளை ஒழுங்குசெய்வது, சிறுவர்களோடு பேசுவது எல்லாமே அவருடைய பொறுப்பு. திருவிருந்தை நடத்தும் உரிமை அவருக்கு இல்லை. குருமார் போதாத இடங்களில் பேரவை தனியே அதிகாரம் வழங்கிய பொதுநிலையினர் மட்டுமே அதற்கு விலக்கு. ஞானஸ்நானமும் வழக்கமாகக் குருவானவருக்கு உரியது. 'வொர்ஷிப் லீடர்' என்ற மற்றொரு பொறுப்பும் உண்டு. அவர் தம் சொந்த ஆலயத்தில் ஆராதனையின் பகுதிகளை நடத்த அங்கீகாரம் பெற்றவர். பிரசங்கிக்கும் உந்துதல் இல்லாமல், ஜெபத்திலும் பாடலிலும் சபையை வழிநடத்த விரும்புபவர்களுக்கு அந்தப் பணியே பொருத்தமானது. அதைத் தாழ்ந்த பணியாகக் கருதுவது தவறு.

முதல் கட்டம்: பேசுவதும் 'நோட்' பெறுவதும்

நீங்கள் முதலில் அந்தத் திருச்சபையின் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆராதனைக்கு வருவது மட்டும் போதாது. உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ சபை உறுப்பினராக இருந்தவர்கள் அங்கிருந்து கடிதம் பெற்று வந்தால் உறுப்பினர் மாற்றம் எளிதாகும்.

அடுத்து, உங்கள் ஆலயத்தின் குருவானவரிடம் நேரம் கேட்டு அமர்ந்து பேசுங்கள். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது சொல்லிவிட்டு வருவது போதாது. எப்போது முதல் இந்த எண்ணம் இருக்கிறது, எந்த வேதபகுதி உங்களை அசைத்தது, வீட்டாரின் கருத்து என்ன, வேலை நேரம் எப்படி என்பவற்றை ஒளிவின்றிச் சொல்லுங்கள். இரவு முறை வேலை செய்பவர்களும் சனி, ஞாயிறுகளில் கடை நடத்துபவர்களும் நம்மில் பலர். அது தகுதிக் குறைவு அன்று, ஆனால் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டிய செய்தி.

குருவானவர் உங்களை முகாமைக்குருவிடம் அனுப்புவார். முகாமைக்குரு, சேகரத்தின் பிரசங்கிமார் ஒன்றுகூடும் பிரசங்கிமார் கூட்டத்தோடு கலந்து பேசி, உங்களுக்கு எழுத்துமூலமான ஓர் அனுமதியைத் தருவார். அதற்குத்தான் 'நோட்' என்று பெயர். அது கையில் கிடைத்ததும் நீங்கள் தனியாகப் பீடமேறிவிட முடியாது. அனுபவமிக்க ஒரு பிரசங்கியாரோடு சேர்ந்து செல்வீர்கள். முதலில் வேதபாடம் வாசிப்பது, பிறகு மன்றாட்டு ஜெபம், பிறகு ஒரு சிறிய செய்தி என்று பங்கு கூடிக்கொண்டே போகும். உடன்வரும் அந்த மூத்த பிரசங்கியாரே இந்தப் பருவத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பெரும் செல்வம். அவர் எப்படி ஆயத்தப்படுத்துகிறார், எதை வெட்டி எறிகிறார், ஆலயத்தில் ஏதேனும் ஒழுங்கு தவறும்போது எப்படிச் சமாளிக்கிறார் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அட்டவணை

சேகரத்தின் பிரசங்க அட்டவணையைப் 'பிளான்' என்றே எல்லோரும் சொல்வார்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளிவரும் அந்தத் தாளில் இடப்பக்கம் ஆலயங்களின் பெயர்களும் ஆராதனை நேரங்களும் மேலிருந்து கீழாக இருக்கும். மேல்வரிசையில் ஞாயிற்றுக்கிழமைகளின் தேதிகள் இருக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அன்று ஆராதனை நடத்துபவரின் பெயரோ பெயரின் முதலெழுத்துகளோ காணப்படும். திருவிருந்து உள்ள நாளுக்கு ஒரு குறியும், சபையாரே ஒழுங்குசெய்துகொள்ளும் ஆராதனைக்கு வேறொரு குறியும் உண்டு. பிரசங்கிமாரின் பட்டியலும் பல அட்டவணைகளில் இடம்பெறும். நோட் பெற்றவர்களின் பெயர்கள் அதன் கடைசியில் இருக்கும்.

அட்டவணை தயாராவதற்கு முன்னரே, எந்தத் தேதிகளில் உங்களால் வர இயலாது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் அனுப்புங்கள். அட்டவணை அச்சான பிறகு ஒரு தேதியில் இயலாமற்போனால், மாற்று ஏற்பாட்டைச் செய்யும் கடமை உங்களுடையது. மற்றொரு பிரசங்கியாரோடு தேதியை மாற்றிக்கொண்டு, இரு ஆலயங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். வெஸ்லி தம் பிரசங்கிமாருக்கு வகுத்த விதிகளில், காத்திருக்கும் சபையை ஒருபோதும் ஏமாற்றாதே, குறித்த நேரத்தில் தொடங்கு, குறித்த நேரத்தில் முடி என்பவை முன்னணியில் நிற்கின்றன. ஒரு கிராம ஆலயத்தில் பன்னிரண்டு முதியவர்கள் குளிரில் வந்து அமர்ந்திருக்க, பிரசங்கியார் வராதிருப்பதைவிடப் பெரிய குறை இந்தப் பணியில் வேறில்லை.

ஆயத்தம்

பெரும்பாலான ஆலயங்களில் ஞாயிறு ஆராதனை ஒரு மணி நேரம், பிரசங்கம் 15 முதல் 20 நிமிடம். முக்கால் மணி நேரப் பிரசங்கத்திற்குப் பழகிய நமக்கு இது மிகக் குறுகியதாகத் தோன்றும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 சொற்கள் வரும். 15 நிமிடத்திற்கு 1,800 சொற்கள். தொடக்கத்தில் முழுவதையும் எழுதி, வீட்டில் கடிகாரத்தை வைத்து உரத்து வாசித்துப் பாருங்கள். ஒரு வேதபகுதி, அதிலிருந்து ஒரு கருத்து, அதற்கு அன்றாட வாழ்விலிருந்து ஒன்றிரண்டு உதாரணங்கள் என்பதே அந்த நேரத்தில் அடங்கும்.

அன்றன்றைய வேதபகுதிகள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும் பாட அட்டவணையில் தரப்பட்டிருக்கும். அதைப் பின்பற்றுவது கட்டாயமில்லை எனினும், புதியவர்கள் பின்பற்றுவதே நல்லது. அது உங்களுக்குப் பிடித்த நான்கைந்து பகுதிகளையே சுற்றிச்சுற்றி வராமல் காக்கும். திங்கட்கிழமையே பகுதியை வாசித்துவிட்டால் வாரம் முழுவதும் அது உங்களோடு பேருந்திலும் வேலையிடத்திலும் வரும். பொதுநிலைப் பிரசங்கியாருக்கு இருக்கும் தனிச்சிறப்பே இதுதான். வாடகைக்காக மேலதிக நேரம் உழைப்பதும், மேலாளரின் கடுமொழியைச் சகிப்பதும், பிள்ளையின் பள்ளி அனுமதிக்காக அலைவதும் என்னவென்று அவர் அறிந்திருப்பதால், பீடத்தில் அவர் சொல்லும் சொல்லுக்கு வார நாட்களின் எடை இருக்கும். 1834-இல் டால்படில் கிராமத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஆறு விவசாயத் தொழிலாளர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் ஒரு மெதடிஸ்த பொதுநிலைப் பிரசங்கியார். 1872-இல் விவசாயத் தொழிலாளர்களின் தேசியச் சங்கத்தை நிறுவிய ஜோசப் ஆர்ச்சும், 1934-இல் சமாதானத்திற்கான நோபல் பரிசு பெற்ற ஆர்தர் ஹெண்டர்சனும் அப்படியே. பீடத்தில் நின்று பேசிப் பழகிய நாவும், வேதத்தை ஆய்ந்து பழகிய மனமும் அவர்களுக்குப் பொதுவாழ்வில் துணைநின்றன.

வாசிப்பை விட்டுவிடாதீர்கள். 1760-இல் ஜான் டிரெம்பத் என்ற பிரசங்கியாருக்கு எழுதிய கடிதத்தில், உமது பிரசங்கம் பல ஆண்டுகளாக வளரவில்லை, உயிர்ப்பு இருக்கிறது, ஆழமில்லை, வாசிப்பு ஒன்றே அதைத் தரும் என்று வெஸ்லி கடிந்துகொண்டார். 1775-இல் அமெரிக்காவில் இருந்த ஜான் கிங்குக்கு அவர் எழுதியது, நம்மில் சிலர் கவனிக்க வேண்டிய மற்றொரு கண்டிப்பு: முழு மனத்தோடு பேசு, ஆனால் கூச்சலிடாதே. ஒலிபெருக்கி வைத்த கூட்டங்களில் உரத்துப் பேசிப் பழகியவர்கள், சிறிய கல் கட்டிடத்தில் இருபது பேருக்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். மொழி உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு என் ஆலோசனை, மெதுவாகப் பேசுங்கள், வாக்கியங்களைச் சிறியவையாக அமையுங்கள் என்பதே. சபையாருக்கு உங்கள் உச்சரிப்பு இரண்டு நிமிடங்களில் பழகிவிடும், வேகம் பழகாது.

வாரத்தின் நடுவிலேயே, 'ஸ்டூவர்ட்' எனப்படும் ஆலயப் பொறுப்பாளரோடு தொலைபேசியில் பேசிவிடுங்கள். ஆர்கன் வாசிப்பவர் இருக்கிறாரா, பதிவுசெய்த இசையா, எந்தப் பாடல் புத்தகம் என்று கேளுங்கள். 2011-இல் வெளிவந்த 'சிங்கிங் த ஃபெய்த்' பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. சில ஆலயங்களில் 1983-ஆம் ஆண்டின் பழைய புத்தகமே கையில் இருக்கும். இரண்டிலும் பாடல் எண்கள் வேறு. எண்ணை மட்டும் அனுப்பாமல் முதல் அடியையும் சேர்த்து அனுப்பினால் குழப்பம் வராது.

ஞாயிறன்று அரைமணி நேரம் முன்னதாகச் சென்றுவிடுங்கள். ஒலிவாங்கியைச் சோதியுங்கள், பீடத்து வேதாகமத்தில் பகுதியை எடுத்து அடையாளம் வையுங்கள், வேதபாடம் வாசிப்பவரோடு எந்த வசனம் வரை என்பதை உறுதிசெய்யுங்கள். ஆராதனைக்குச் சற்று முன் பக்கத்து அறையில் ஸ்டூவர்ட் உங்களுக்காக ஜெபிப்பார், பிறகு உங்களைப் பீடம்வரை அழைத்துச் செல்வார். இது நெடுநாளைய வழக்கம், அவசரத்தில் தவறவிடக் கூடாதது. ஆராதனையின் முடிவில் குருவானவர் 'உங்களோடு' என்று ஆசீர்வாதம் கூறும் இடத்தில், பொதுநிலைப் பிரசங்கிமார் பலர் 'நம்மோடு' என்று சொல்வார்கள். நீங்களும் அப்படியே சொல்லப் பழகுங்கள்.

சோதனைக் காலம்

நோட் காலம் நல்லபடியாகச் சென்றால், உங்களை 'டிரையல்' எனப்படும் சோதனை நிலைக்கு ஏற்பது குறித்துப் பிரசங்கிமார் கூட்டம் முடிவுசெய்யும். இங்கேதான் முறையான படிப்பு தொடங்குகிறது. வேதாகமம், இறையியல், ஆராதனை, பிரசங்கம் ஆகியவற்றைத் தொகுத்து அமைத்த பாடத்திட்டத்தை, வேலையும் குடும்பமும் இருக்கும்போதே, ஒரு பயிற்றுநரின் துணையோடு படிப்பீர்கள். எழுத்துப் பணிகள் உண்டு. ஆலோசகராக ஒரு மூத்த பிரசங்கியாரும் நியமிக்கப்படுவார். சிறுவர்களையும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களையும் பாதுகாப்பது பற்றிய பயிற்சி கட்டாயம். இதற்கெல்லாம் சில ஆண்டுகள் பிடிக்கும். வாரத்தில் எந்த மாலை படிப்புக்கு உரியது என்பதைத் தொடக்கத்திலேயே வீட்டாரோடு பேசி முடிவுசெய்யாதவர்கள் இடையில் களைத்துப்போவதைக் காண்கிறோம்.

இக்காலத்தில் நீங்கள் நடத்தும் சில ஆராதனைகளுக்கு, குருவானவர் ஒருவரும் பிரசங்கியார் ஒருவரும் வந்து அமர்ந்து கேட்டு, அறிக்கை எழுதுவார்கள். சபையாரின் கருத்தும் கேட்கப்படும். நம் பண்பாட்டில் பெரியவர்கள் முகத்துக்கு நேரே குறைசொல்வது அரிது, இங்கே எழுத்திலேயே வரும். அறிக்கையை வாங்கியதும் அன்றே பதில் சொல்லாமல், இரண்டு நாள் கழித்து மறுபடி வாசித்து, ஆலோசகரோடு அமர்ந்து பேசுங்கள். 'ஜெபம் நீண்டுவிட்டது', 'இரண்டாம் பகுதியில் கருத்து சிதறியது' என்பவை போன்ற குறிப்புகளே உங்களை வளர்க்கும். எல்லாம் நன்று என்று மட்டும் எழுதிய அறிக்கையால் பயன் குறைவு.

இறுதியில் பிரசங்கிமார் கூட்டம் உங்களை நேர்காணும். உங்கள் விசுவாச அனுபவம், அழைப்பு, திருச்சபையின் போதனைகள் ஆகியவை பற்றிக் கேட்பார்கள். அந்தப் போதனைகளின் அளவுகோல் திருச்சபையின் அடிப்படைச் சாசனமான ஐக்கிய ஆவணத்தில் கூறப்பட்டிருக்கிறது. வெஸ்லியின் 44 பிரசங்கங்களும் புதிய ஏற்பாட்டுக்கு அவர் எழுதிய குறிப்புரையும் அதில் பெயர்சுட்டப்பட்டுள்ளன. அந்தப் பிரசங்கங்களில் சிலவற்றையாவது முன்னதாகவே வாசித்துவிடுவது நல்லது. நேர்காணலில் தேறியதும் சேகரக் கூட்டம் ஒப்புதல் வழங்கும். அதன்பின் பொது ஆராதனையில் நீங்கள் பொதுநிலைப் பிரசங்கியாராக ஏற்றுக்கொள்ளப்படுவீர்கள். குடும்பத்தாரையும் தமிழ்ச் சபை நண்பர்களையும் தவறாமல் அழையுங்கள்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்

இது ஆயுட்காலப் பொறுப்பு, எனினும் கண்காணிப்பு நிற்பதில்லை. பிரசங்கிமார் கூட்டம் தொடர்ந்து கூடும், ஒவ்வொருவரும் பணியைச் சரிவரச் செய்கிறாரா என்று ஆண்டுதோறும் விசாரிக்கும். கூட்டத்திற்கு வராமல் பிரசங்கத்திற்கு மட்டும் வருவது ஏற்புடையதன்று. தொடர்படிப்பும் எதிர்பார்க்கப்படுகிறது. பயணச் செலவைச் சேகரத்திடம் கேட்டுப் பெறலாம். கேட்கக் கூச்சப்படுபவர்கள் உண்டு, கூச்சப்பட வேண்டியதில்லை, அதற்கென ஒழுங்கு இருக்கிறது.

வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் இரு சேகரங்களின் முகாமைக்குருமாருக்கும் அறிவியுங்கள், உங்கள் பெயர் புதிய சேகரத்தின் அட்டவணைக்கு மாற்றப்படும். இலங்கையில் ஏற்கெனவே பிரசங்கியாராக அங்கீகரிக்கப்பட்டு வருபவர்கள், அங்கிருந்து சேகரக் கடிதத்தையும் சான்றிதழையும் கையோடு கொண்டுவந்து முகாமைக்குருவிடம் முதலில் காட்ட வேண்டும். அவர்கள் எந்தக் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவர் பிரசங்கிமார் கூட்டத்தோடு பேசிச் சொல்வார்.